வேப்பெண்ணெய் தடவாமல் பால் மறக்கடிக்க முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 1 வயது 4 மாதம். இன்னும் தாய்ப்பால்தான், சாதம் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடி என்கிறார் மாமியார். அட்டாச்மென்ட் பேரன்டிங் முறையில் இதை எப்படிச் செய்வது?

முடியும். ஆனால் தயவுசெய்து வேப்பெண்ணெய் வேண்டாம். தடவிப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

என் பையனுக்கு அப்போது 15 மாதம். நான் வேலைக்குத் திரும்பி ஆறேழு மாதம் ஆகியிருந்தது, இரவில் நாலு தடவை எழுந்து பால் குடிப்பான், காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்தால் கண் தானாக மூடும். அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து வைத்தார், நானும் யோசிக்காமல் தடவிக்கொண்டேன். எட்டு மணி இருக்கும், "பாச்சி" என்று மடியில் ஏறினான். வாய் வைத்தான், முகம் சுருங்கியது, எடுத்துவிட்டான். அழவில்லை. என் முந்தானையை இழுத்து அந்த இடத்தைத் துடைத்தான், சாப்பிட்டதும் அவன் வாயை நான் துடைத்துவிடுவேனே, அதே மாதிரி இரண்டு மூன்று தடவை. துடைத்துவிட்டு மறுபடி வாய் வைத்தான். மறுபடியும் கசந்தது. அப்போதும் அழாமல் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறான், தடவியதே நான்தான் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கொடுத்தேன். வாடை முழுதாகப் போகவில்லை, ஆனாலும் குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வயதுக்கு மேல் தாய்ப்பால் வெறும் தண்ணீர், சத்து கிடையாது என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். உண்மை இல்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரை, அதற்கு மேலும் கூடக் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. இரண்டாவது வயதிலும் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கை அந்தப் பாலே தர முடியும். அதனால் யாரோ சொன்னார்கள் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். உங்களுக்கே முடியவில்லை, உடம்பு கேட்கவில்லை என்றால் நிறுத்துங்கள், அது போதுமான காரணம்தான்.

ஆனால் மீதி இரண்டு பங்கு சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும், உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது அந்த இடம்தான். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்தது ஆறு மாதத்தோடு தீர ஆரம்பித்துவிடும். 16 மாதத்தில் பாலை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்கு ரத்தசோகை வரலாம், ரத்தசோகை வந்தால் பசியும் மந்தமாகும், அப்புறம் இன்னும் சாப்பிடாது. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை மசித்த பருப்பு சாதம், முட்டை, அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். எங்கள் வீட்டில் பலித்தது ஒரே விஷயம்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் கொடுப்பதை விட்டேன். தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நாங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டோம். செல்போன் காட்டி ஊட்டவில்லை, இட்லியைப் பிய்த்துத் தலையில் தேய்த்துக்கொண்ட நாளெல்லாம் உண்டு, விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் அவனே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அட்டாச்மென்ட் பேரன்டிங் என்ற பெயரைப் பரப்பியவர்கள் வில்லியம் சியர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவர் மனைவி மார்த்தாவும். கேட்கும்போது பால் கொடு, உடம்போடு சேர்த்துத் தூக்கு, பக்கத்தில் படுக்க வை, அழுதால் போய்ப் பார் என்பதுதான் அதன் அடிப்படை. இதெல்லாம் நம் ஆச்சிகள் இடுப்பிலும் தூளியிலும் பாயிலும் செய்ததுதானே என்று தோன்றும், பாதி சரிதான். ஆனால் அதே ஆச்சிகள்தான் வேப்பெண்ணெயும் தடவினார்கள், பழசு என்பதால் எல்லாமே நல்லது ஆகிவிடாது. இன்னொன்று, பால் பவுடர் கொடுத்து வளர்த்தவர்கள் இதைப் படித்து மனம் நோகக் கூடாது. எனக்கும் சிசேரியன், இரண்டாம் நாளே "பால் பத்தவில்லை" என்று ஆஸ்பத்திரியில் பவுடர் கரைத்துக் கொடுத்துவிட்டார்கள். அடிக்கடி சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த முதல் மாதம் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.

நிறுத்தும் முறை இதுதான். நீங்களாகக் கொடுக்காதீர்கள், அவள் கேட்டால் மறுக்காதீர்கள். இதற்கே இரண்டு மூன்று வேளை தானாகக் குறையும். அப்புறம் பகலில் அவளுக்கு எந்த வேளை அவ்வளவு முக்கியமில்லையோ அதை முதலில் விடுங்கள், அந்த நேரத்துக்கு வெளியே தூக்கிப் போங்கள், அல்லது ஏதாவது தின்னக் கொடுங்கள். எப்போதும் உட்கார்ந்து பால் கொடுக்கும் இடத்தில் உட்காராதீர்கள், அந்த இடத்தைப் பார்த்தாலே ஞாபகம் வரும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடுத்த வேளை. காய்ச்சல், பல் முளைப்பு, வீடு மாறுவது, புதிதாகக் காப்பகத்தில் விடுவது, இந்தச் சமயங்களில் தொடாதீர்கள். திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் உங்களுக்கும் ஆபத்துதான், பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகி, குளிர்காய்ச்சலோடு மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். (மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள் இல்லையா, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988-ல் அதைப் பால் வற்ற வைக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவிலும் பலன் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் அது பிரசவமான புதிதில் பாலை நிறுத்த வேண்டியவர்களுக்குச் செய்தது.)

இரவுப் பாலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை தூங்கும் முன் பல்லை மட்டும் துலக்கிவிடுங்கள். எங்களுக்கு அந்த இரவுப் பால் 2 வயது 5 மாதத்தில்தான் நின்றது, அதற்குக் காரணம் அத்தைதான். வேப்பெண்ணெய் கழுவிய அன்றே அவரிடம் போய், அவன் முந்தானையால் துடைத்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "உங்க வீட்டுக்காரரையும் அப்படித்தான் மறக்கடிச்சேன், ரெண்டு நாள் என் பக்கமே வரல" என்றார். பையனுக்கு விவரம் தெரிந்து, "பாச்சி தூங்கிடுச்சு, காலையில குடிக்கலாம்" என்று சொன்னால் புரிகிற வயசு வந்ததும் அவரே தன் பாயில் போட்டுக்கொண்டார். இரவில் விழித்து அழுதால் முதுகில் தட்டிக்கொண்டே குருவிக் கதை சொல்வார், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். முதல் மூன்று இரவு அழுதான், ஆனால் அத்தை மேல் படுத்துக்கொண்டுதான் அழுதான். நாலாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, இருட்டில் என் பாய் இருந்த பக்கம் பார்த்து "பாச்சி தூங்குது" என்று அவனே சொல்லிவிட்டு மறுபடி ஆச்சி பக்கத்தில் படுத்துக்கொண்டான்.