டிஜிற்றல் ஒளிபரப்பு வந்தால் வன்னியில் இருக்கிற பழைய ரிவிகளை எறிய வேண்டியதுதானா?

எறிய வேண்டாம். கூரையில் நிற்கிற அன்ரனாவையும் கழற்ற வேண்டாம். இலங்கையில் அனலொக் என்கிற இப்போதைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிற்றலுக்கு மாறினால் கிராமத்து வீடுகளின் ரிவிகள் என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கம் ரிவி திருத்துவதும் அன்ரனா பூட்டுவதும் என் தொழில். வேலைக்குப் போகிற வீடுகளில் அடிக்கடி இதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் சனத்தில் கனபேர் டிஷ்ஷையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிஷ் செய்மதியிலிருந்து எடுப்பது, மாதக் காசு கட்ட வேண்டும். இப்போது பேசப்படுவது தரைவழி டிஜிற்றல். இன்றைக்கு அன்ரனாவில் எடுக்கிற மாதிரியே கோபுரத்திலிருந்து வருவது. இலவசச் சனல்களுக்கு மாதக் காசு கிடையாது. விசுவமடுவில் ஒரு அம்மா சொன்னார்: “தம்பி, இனி அன்ரனாவில ஒண்டும் தெரியாதாம், டிஷ் போட்டால்தான் படம் வருமாம் எண்டு சொல்லிப்போட்டு ஒரு பெடியன் வந்து பூட்டினவன்.” அவர் பார்ப்பது சக்தியும் வசந்தமும் மட்டும். இரண்டும் அன்ரனாவிலேயே வந்துகொண்டிருந்தவை. இப்போது காசு முடிந்தால் படமும் நின்றுவிடுகிறது. தோட்ட வேலைக்குப் போய் உழைக்கிற காசு அது. இப்படி ஏமாற்றி விற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சரி, பழைய ரிவிக்கு என்ன செய்வது? டிஜிற்றல் சிக்னலைப் பழைய ரிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற ஒரு செற் ரொப் பொக்ஸ் போதும். அன்ரனா வயர் பொக்ஸுக்குள் போகும், பொக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் ரிவிக்குப் போகும். பெட்டி மாதிரிப் பெரிய ரிவிகளிலும் அந்த ஓட்டைகள் பெரும்பாலும் இருக்கின்றன. அன்ரனா ஓட்டை மட்டும் உள்ள மிகப் பழையது என்றால், அன்ரனா வயரிலேயே படத்தை அனுப்பக்கூடிய பொக்ஸாகப் பார்த்து எடுக்க வேண்டும். கம்பியில் நிற்பது குட்டைக் கம்பிகள் வரிசையாக உள்ள யூஎச்எப் அன்ரனா என்றால் அதுவே தொடர்ந்து வேலை செய்யும்.

புது ரிவி வாங்குகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். டிஜிற்றல் ஒளிபரப்பில் பல முறைகள் உண்டு. இலங்கை 2014 இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிவு செய்தது. அதே ஆண்டு ஜப்பானுடன் கடன் ஒப்பந்தமும் ஆனது. வேலைதான் வருடக்கணக்காக இழுபட்டது. பக்கத்தில் இந்தியாவில் தூரதர்சன் எடுத்தது டிவிபி-ரி2 என்ற வேறு முறை. ஒன்றுக்கான ரிவி மற்றதை எடுக்காது. மட்டையில் ‘டிஜிற்றல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எந்த முறை என்று கேளுங்கள். கடைக்காரர் தெளிவாகச் சொல்லாவிட்டால் டிஜிற்றலுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அனலொக்கில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிற்றலில் ஓரளவு சிக்னல் இருந்தால் முழுத் தெளிவு. அதற்குக் கீழே போனால் படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்துவிடும், பிறகு ஒன்றுமே இல்லை. இதில் வன்னிக்கு ஒரு வசதி உண்டு. நிலம் தட்டை, கோபுரத்துக்குக் குறுக்கே மலை நிற்காது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் கொக்காவிலில் 1990 ஜூலைச் சண்டையில் அழிந்த ஒளிபரப்பு நிலையத்துக்குப் பதிலாக 2011 இல் 174 மீற்றர் கோபுரம் எழுந்தது. அந்த உயரத்திலிருந்து ஒழுங்காக அனுப்பினால் நன்றாக எடுக்கும் என்று நம்புகிறேன். ஆனால் காட்டுக்குள் தள்ளி இருக்கிற ஊர்களுக்குச் சிறிய துணை ஒளிபரப்பிகள் வேண்டும். அங்கே இன்றைக்குப் புள்ளியோடு பார்க்கிறவர்கள்தான் நாளைக்கு ஒன்றும் இல்லாமல் போகக்கூடியவர்கள்.

இந்த மாற்றத்தில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது எச்சரிக்கை வசதி. ஜப்பான் முறையில் ஒளிபரப்போடு சேர்த்தே ஒரு அவசரக் குறிப்பு அனுப்பலாம். அதற்கு ஏற்றபடி செய்த பொக்ஸோ ரிவியோ என்றால், சும்மா மின்சாரத்தில் செருகிக் கிடந்தாலும் தானாக விழித்து எச்சரிக்கை தரும். 2004 டிசம்பர் 26 காலையில் முல்லைத்தீவுக் கரைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கத்துச் சனம் இரவோடு இரவாக வெள்ளத்துக்குள் நின்றது. கரண்ட் போன வீட்டில் இது உதவாது என்பது உண்மை. ஆனாலும் இருக்கிற வசதியை, விலை குறைக்கிறோம் என்று சொல்லிப் பொக்ஸிலிருந்து எடுத்துவிடக் கூடாது. எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும்.

ஜப்பான் 2011 ஜூலை 24 இல் அனலொக்கை நிறுத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை தவணை கொடுத்தது. அதே நியாயத்தை எங்களுக்கும் கேட்கலாம். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து தகரக் கொட்டிலில் தொடங்கிய வீடுகள் இவை. அனலொக்கும் டிஜிற்றலும் கொஞ்சக் காலம் சேர்ந்து ஓட வேண்டும், வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பொக்ஸ் இலவசமாகவோ மானியத்திலோ கிடைக்க வேண்டும். மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ இருக்கிறீர்கள் என்றால், பிரதேச செயலகத்தில் இதை இப்போதே எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

மாறும் திகதியை அறிவிக்கும்வரை பொக்ஸும் வாங்க வேண்டாம். மழைக்கு முன்னம் அன்ரனா வயரின் மூட்டில் கறள் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் பூட்டி, தண்ணி இறங்காமல் ரேப் சுற்றி விடுங்கள்.