கேடுலகக் கதைகளில் வருபவர்கள் ஏன் தப்பி ஓடுவதில்லை?

காரணம் அவர்களுடைய பணிவு. விதியை எதிர்க்காமல், அதையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொள்வதுதான் இந்தப் பணிவு. கேடுலகக் கதை என்றால் கொடுமையே வழக்கமாகிப்போன ஒரு சமூகத்தின் கதை.

கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) நாவலைப் பாருங்கள். உறுப்புகளை எடுப்பதற்கென்றே வளர்க்கப்படும் நகல் மனிதர்களின் கதை. அங்கே வேலி தாண்டி ஓடுபவர் யாரும் இல்லை. காரணம், விவரம் புரியாத வயதிலேயே உண்மையைத் துளித்துளியாகக் காதில் போட்டுவிடுகிறார்கள். புரியும் வயது வரும்போது அது பழைய செய்தி. கதையைச் சொல்லும் கேத்தியும் ஒரு நகல்தான். உறுப்பு கொடுக்கும் மற்ற நகல்களைப் பார்த்துக்கொள்ளும் நல்ல பராமரிப்பாளராக 11 வருடத்துக்கு மேல் இருந்ததில் அவளுக்குப் பெருமை வேறு. உண்மையாகக் காதலித்தால் உறுப்பெடுப்பதைச் சில வருடம் தள்ளிவைப்பார்களாம் என்ற வதந்தியை நம்பி, அவளும் அவள் காதலன் டாமியும் கேட்கப் போகிறார்கள். கேட்பது விடுதலை இல்லை, தவணை!

இதை வாசித்தபோது முக்கூடலில் இருக்கும் என் அத்தைதான் நினைவுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மடியில் பீடித்தட்டு. யாரும் அடித்து உட்காரவைக்கவில்லை. தெருவில் எல்லா மடியிலும் தட்டு இருந்தது, அவ்வளவுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தான் சுற்றிய பீடிக்கட்டுகளில் சரியில்லை என்று கழிப்பது குறைவு என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. பீடிக்கடையில் அவள் சண்டை போட்டதெல்லாம் ஒன்றுக்குத்தான்: "இலையை நல்லதாக் குடுங்க."

அப்புறம், எதிர்க்காதவர்களுக்கு வலியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தவணையும் கிடையாது என்று தெரிந்த இரவில், டாமி காரை விட்டிறங்கி இருட்டு வயலில் நின்று கத்துகிறான்.