ஜிபிஎஸ் இருக்கும்போது கைக் காம்பஸ் எதற்கு? பாய்மரப் படகோட்டிகளின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, சுக்கான் முன்னால் பெரிய காம்பஸும் இருக்கிறது. கையில் ஒன்று எதற்கு சார்?

பதில்: பொருத்திய காம்பஸ் படகின் முனை எங்கே பார்க்கிறது என்பதைத்தான் சொல்லும். தூரத்துக் கலங்கரை விளக்கமோ, எதிரே வரும் கப்பலோ எந்தத் திசையில் இருக்கிறது என்று அளக்க, கண்ணருகே தூக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும்.

கேள்வி: அதை வைத்து நம் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: கண்ணுக்கும் தெரிய வேண்டும், சார்ட்டிலும் (கடல் வரைபடம்) இருக்க வேண்டும், அப்படி மூன்று அடையாளங்களைப் பிடியுங்கள். ஒவ்வொன்றின் திசையையும் அளந்து சார்ட்டில் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் நாம். மிதவையை நம்பாதீர்கள், அது நகர்ந்திருக்கலாம். முன்னாலும் பின்னாலும் இருப்பதை முதலில் அளந்து, பக்கவாட்டில் இருப்பதைக் கடைசியில் அளங்கள். படகு ஓட ஓட அதன் திசைதான் வேகமாக மாறும். மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேராது, சின்ன முக்கோணம் விழும். எந்த மூலை பாறைக்குப் பக்கமோ, அங்கேதான் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். 2 கடல் மைல் தூரத்து அடையாளத்தில் 5 டிகிரி பிசகினால் கோடு சுமார் 320 மீட்டர் தள்ளிப்போகும். அதனால் கிட்டத்தில் இருப்பதே மேல்.

கேள்வி: அலையில் காம்பஸுக்குள் டிகிரி குறித்த அட்டை ஆடிக்கொண்டே இருக்கிறதே?

பதில்: ஆடத்தான் செய்யும். முழங்காலைத் தளர்த்தி நின்று, இரு பக்கமும் எதுவரை போகிறது என்று பார்த்து நடுவை எடுங்கள்.

கேள்வி: ஒரே கலங்கரை விளக்கத்தை இரண்டு பேர் அளந்தால் 8 டிகிரி வித்தியாசம் வருகிறது.

பதில்: யார் சட்டைப்பையில் போன் இருந்தது? கத்தி, ஸ்பீக்கர், இரும்புச் சட்டக் கண்ணாடி எல்லாமே முள்ளை இழுக்கும். போன் உறையின் காந்தப் பூட்டால் நானே ஒரு காலைப்பொழுது முழுக்கத் தப்பாக அளந்திருக்கிறேன். இரும்பு உடல் படகு என்றால், மேல்தளத்திலும் சந்தேகத்தோடுதான் அளக்க வேண்டும்.

கேள்வி: காந்த ஒதுக்கத்தை, அதாவது காம்பஸ் காட்டும் வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, கூட்டுவதா, கழிப்பதா?

பதில்: கிழக்கு என்றால் கூட்டுங்கள், மேற்கு என்றால் கழியுங்கள். காம்பஸ் 070 காட்டி, ஒதுக்கம் 10 மேற்கு என்றால் மெய்த்திசை 060. ஒதுக்கம் வருடாவருடம் மாறும். சார்ட்டின் திசை வட்டத்தில் எந்த வருடத்துக் கணக்கு என்று பாருங்கள்.

கேள்வி: இரவில் ஒரு கப்பல் நம்மேல் வருமா என்று தெரியுமா?

பதில்: சில நிமிட இடைவெளியில் அதன் திசையை அளங்கள். தூரம் குறைந்துகொண்டே வந்து, திசை மட்டும் மாறவில்லையென்றால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். மிகக் கிட்டே வந்த பெரிய கப்பலுக்கு, திசை மாறினாலும் ஆபத்து உண்டு.