சோற்றுத் தட்டு முதல் சஹன் வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எவர்சில்வர் தட்டுகளில் ஊசி குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. என் மாமியார் சீராகக் கொண்டுவந்த தட்டுகளோ இன்றும் அப்படியே இருக்கின்றன. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்; ஒட்டவில்லை. அடுத்த முறை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, பாம்பன்

பதில்: காந்தம் ஒட்டாததை வைத்து மட்டும் தரத்தை முடிவுசெய்ய இயலாது. ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த 304 வகை எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்து மலிவாகச் செய்யப்படும் 202 போன்ற 200 வரிசை எஃகிலும் ஒட்டாது. கடையில் இரண்டும் ஒரே பளபளப்போடுதான் அடுக்கப்பட்டிருக்கும். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் மிக மெல்லிய குரோமிய ஆக்சைடு படலமாகும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும்போதுதான் நீங்கள் பார்த்த புள்ளிகள் விழுகின்றன. மலிவு வகையில் இது விரைவில் நேர்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் நம் கடற்கரை ஊர்களில் இன்னும் விரைவாக நேர்கிறது. ஆகவே மதுரையில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு தட்டு நன்றாக உழைக்கிறது என்பது பாம்பனுக்குப் போதுமான சான்று அன்று.

வாங்கும்போது தட்டின் அடியில் 304 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அம்முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. வாங்கிய பிறகு, உவர்நீரில் கழுவிய தட்டை அப்படியே கவிழ்த்துக் காயவிடாமல், துணியால் துடைத்து அடுக்குங்கள். நீர் ஆவியாகப் போனாலும் அதிலிருந்த உப்பு தட்டிலேயே தங்கிவிடும். துளையிடும் வேலையை அதுவே செய்கிறது. மீன் குழம்பு ஒட்டிய தட்டை இரவு முழுவதும் தொட்டியில் போட்டுவைப்பதும், கறை போக பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் கீறல்களில் தங்கித் துருப்பிடிக்கும். பழி மட்டும் தட்டின்மேல் விழும். மாமியாருடைய தட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெயர் வெட்டிய அந்தக் கனத்த தகட்டுக்கு ஈடாக இன்று வாங்குவதானால் நல்ல விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆறு ஓப்பல் கண்ணாடித் தட்டுகளில் நான்குதான் மிச்சம். அதே பூ வேலைப்பாடு இப்போது கிடைக்கவில்லை. மொத்தமாக ஒதுக்கிவிட்டுப் புது செட் வாங்குவதா, அல்லது எவர்சில்வரோடு கலந்து பரிமாறலாமா? விருந்தினர் குறைவாக நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, மண்டபம்

பதில்: நான்கு நல்ல தட்டுகளை இரண்டு உடைந்த தட்டுகளுக்காகத் தண்டிக்க வேண்டியதில்லை. பூவைத் தேடி அலையாமல், அதே அகலமும் அதே குழிவும் உள்ள வெறும் வெள்ளைத் தட்டுகளைத் தனித்தனியாக விற்கும் கடையில் இரண்டோ மூன்றோ வாங்கிக்கொள்ளுங்கள். பந்தியில் கண்ணை உறுத்துவது வேலைப்பாட்டின் வேறுபாட்டைவிட அளவின் வேறுபாடுதான். ஒருவருக்கு 11 அங்குலத் தட்டும் பக்கத்தில் இருப்பவருக்கு 9 அங்குலத் தட்டும் வைத்தால்தான் குறை தெரியும். செட்டாக விற்பது கடைக்காரருக்கு வசதி. ஒன்று உடைந்தால் ஒன்று வாங்க முடிவதே வீட்டுக்கு வசதி என்பது என் கருத்து. எனவே எப்போதும் கிடைக்கக்கூடிய எளிய வடிவத்தையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகன்ற தட்டையான விளிம்போடு வரும் மேல்நாட்டு வடிவத் தட்டு ரொட்டிக்கும் பொரியலுக்கும் ஏற்றது. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து உண்ணும் நமக்கு அந்த விளிம்பு வீண் இடம், குழம்பும் வழிந்தோடும். செங்குத்தாக எழும்பிய விளிம்புள்ள வட்டில் வடிவமே நமக்குப் பொருந்தும். பழைய செட்டின் சிறு தட்டுகள் மீன் முள் ஒதுக்குவதற்கு மிகவும் உதவும். அவற்றை விருந்தில் ஆளுக்கொன்று வைத்தால் யாரும் செட்டை எண்ணிப் பார்க்க மாட்டார்கள். எவர்சில்வரோடு தாராளமாகக் கலக்கலாம். ஆனால் ஓப்பல் தட்டின்மேல் எவர்சில்வரை அடுக்காதீர்கள், விளிம்பு சில்லுப் பெயரும். அப்படிச் சில்லுப் பெயர்ந்த கண்ணாடித் தட்டு பிறகு சிறு தட்டலிலேயே கூரிய துண்டுகளாகச் சிதறக்கூடும் என்பதால் அதை அன்றே விலக்கிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் விருந்தென்றால், சிலர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டான சஹனில்தான் உணவு. பழைய எனாமல் சஹனில் பூச்சு உதிர்ந்து இரும்பு தெரிகிறது. இன்னும் பயன்படுத்தலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: சோறு பரிமாற வேண்டாம். எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு. ஓரிடத்தில் பெயர்ந்தால் சுற்றிலும் பெயரும், அதன் சில்லுகள் பிரியாணியோடு வாய்க்குள் போகலாம். உரிக்காத பழங்கள் வைக்க அதைப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவதானால் 304 எவர்சில்வரில், வேலைப்பாடோ பள்ளங்களோ இல்லாத வழுவழுப்பான அடியுள்ளதாக வாங்குங்கள். எண்ணெய்ப் பசை தங்காது. மூன்று நான்கு பேர் சுற்றி அமர்ந்தால் எல்லார் கையும் நடுவை எட்ட வேண்டும், கழுவும் தொட்டிக்குள்ளும் அது நுழைய வேண்டும்; இந்த இரண்டாவதை வீட்டில் அளந்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு உடையாத மெலமைன் தட்டு வாங்கியிருக்கிறோம். அதிலேயே உணவை மைக்ரோவேவில் சூடாக்கலாமா?
– வாசகி, தொண்டி

பதில்: கூடாது. மெலமைன் தட்டு மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாகும் பிசினால் ஆனது. அதிக வெப்பத்திலும், குறிப்பாகப் புளிப்பான உணவிலும், அதிலிருந்து வேதிப்பொருள் உணவில் கசியலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் சூடாக்கி, சற்று ஆறிய பிறகு தட்டில் இடுங்கள். மஞ்சள் கறை படிந்து மேற்பரப்பு சொரசொரப்பானால் தட்டை மாற்றிவிடுங்கள்.