மூன்றா, நான்கா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சார். காவேரிப்பட்டணம் பக்கம் இரண்டு மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்தேன். பூ நன்றாகப் பிடித்திருந்தது. சித்திரையில் ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் பெங்களூரா காய் பாதிக்கு மேல் தரையில். கடன் 4 லட்சம் நிற்கிறது. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறேன். தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றதும் கணக்குதான் ஓடுகிறது. மூன்றாவது ரக்அத்தா (தொழுகையின் சுற்று) நான்காவதா என்றே தெரிவதில்லை. கடன்காரர் போன் அடித்தால் மகளிடம் கொடுத்து, 'அத்தா வெளியே போயிருக்காங்க' என்று சொல்லச் சொல்கிறேன். அல்லாஹ்வை நினைத்தால் உள்ளம் அமைதி பெறும் என்கிறார்களே, என் ஈமானில், இறைநம்பிக்கையில்தான் கோளாறா?
- மாங்காய் வியாபாரி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம், தம்பி. முதலில் ரக்அத் விஷயம். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

31 வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வீட்டுக்காரி மவுத்தான பிறகு நான்கு வரை எண்ண வராமல் போனது. லுஹர் என்ற மதியத் தொழுகையில் நின்றால் ஆஸ்பத்திரி பில் வரும். கடைசி வாரம் அவள் கேட்ட கமலாப்பழம் வரும், சளி பிடிக்கும் என்று நான் வாங்கித் தராதது. வெட்கத்தோடு, மார்க்கம் படித்த பழையபேட்டை ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். "ஸஜ்தா ஸஹ்வு பின்ன எதுக்கு சார் இருக்கு?" என்று சிரித்துவிட்டார். தொழுகையில் வரும் மறதிக்காக நெற்றியைத் தரையில் வைக்கும் வணக்கம் அது.

மனம் எந்தப் பக்கமும் சாயவில்லையா, குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மீதியைத் தொழுங்கள். முடிவில் மறதிக்காக இரண்டு ஸஜ்தா. நபி (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். "தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, மறந்துவிட்டீர்களா?" என்று துல்யதைன் என்ற தோழர்தான் கேட்டார். மனுஷன் மறப்பான் என்று தெரிந்தே வைத்த ஏற்பாடு இது.

நீங்கள் சொல்லும் வசனம் அர்ரஃது அத்தியாயத்தில் 28வது. அதே குர்ஆனில்தான் யஃகூப் நபி, மகன் யூசுபை நினைத்து நினைத்துக் கண் வெளுத்துப் போனார். அவருக்கு ஈமான் குறைவு என்று யார் சொல்வார்? 'என் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்' என்றார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காற்றல்ல, அந்தப் போன். நபி (ஸல்) தொழுகையிலேயே கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாக என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்குக் கொடுத்தால் மீறுவான் என்றார்கள். புகாரியில் இருக்கிறது. நீங்கள் ஒரு படி மேலே போய், பொய்யை மகள் வாயில் வைத்திருக்கிறீர்கள். அதோடு போய் தக்பீர் கட்டினால் நெஞ்சு எங்கே அடங்கும்?

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடன்காரர் கடைக்கே போங்கள். கணக்கு நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். இந்தப் பருவத்தில் எவ்வளவு, அடுத்த காய்ப்பில் எவ்வளவு என்று எழுதிக் காட்டுங்கள். முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள். கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது அல்பகரா 280வது வசனம். அவர் நம்மவர் இல்லை என்றாலும், இந்த ஊரில் வியாபாரம் செய்பவருக்குக் கோடைக்காற்றைப் பற்றி நீங்கள் விளக்க வேண்டியதில்லை. திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். ஜகாத் என்ற கட்டாய தர்மம் பெறும் எட்டுப் பிரிவில் கடனாளியும் ஒருவர். ஜமாஅத்தில் வாய் திறந்து கேளுங்கள், அது பிச்சை இல்லை. இதை அடைக்க இன்னொரு இடத்தில் வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

போன மறுநாளே அமைதி வரும் என்று நான் எழுதித் தர மாட்டேன். எனக்கே எப்போது அடங்கியது என்று தேதி தெரியாது. கமலாப்பழம் இப்போதும் வரும். வந்தால் அவளுக்கு ஒரு துஆ செய்துவிட்டு அடுத்த ரக்அத்துக்கு எழுந்துவிடுகிறேன். ஸஹ்வு வாரத்துக்கு ஒன்றாவது உண்டு.

கேள்வி: ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். தஸ்பீஹ் (இறைத்துதி) எண்ணும் மணிமாலை இல்லாமல் விரலில் எண்ணலாமா?
- தர்மபுரி வாசகி

பதில்: தாராளமாக, அம்மா. நபி (ஸல்) அவர்களும் கையால்தான் எண்ணினார்கள். விரலுக்கு மூன்று வைத்தால் பத்து விரலில் 30. முதல் விரலுக்குத் திரும்பி வந்தால் தஸ்பீஹுக்கு வேண்டிய 33. பஸ் குலுக்கி எண்ணிக்கை தவறினால், ஒன்றிரண்டு கூடுதலாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.