ஐந்து இரவு, அளவான பணம், கரிபியன் கடல்: பொனேருக்குப் போய் டைவ் செய்யலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஊருக்கு வந்தபோது தம்பியும் நானும் அந்தமான் ஹேவ்லாக்கில் ஓபன் வாட்டர் என்ற தொடக்க நிலை டைவ் சான்றிதழ் வாங்கினோம். பயிற்சியையும் சேர்த்து ஆளுக்கு ஆறு டைவ். இப்போது தம்பி மேற்படிப்புக்காக இங்கே வந்திருக்கிறான். இரண்டு பேரும் ஏதாவது ஒரு கரிபியன் தீவுக்கு ஐந்து இரவு போய் டைவ் செய்ய ஆசைப்படுகிறோம். ஆனால் படகு டைவ்களின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. செலவு கைக்குள் அடங்க எந்தத் தீவுக்குப் போகலாம், எப்படித் திட்டமிடலாம்?

பதில்: பொனேருக்குப் போங்கள். வெனிசுவேலாவுக்கு வடக்கே கிடக்கும் சின்னத் தீவு. நெதர்லாந்தின் ஒரு பகுதி என்றாலும் அங்கே புழங்குவது அமெரிக்க டாலர்.

மற்ற தீவுகளில் பணத்தைக் கரைப்பது படகுதான். டைவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும், அவர்கள் புறப்படும் நேரத்துக்கு நீங்கள் ஓட வேண்டும். பொனேரில் படகே தேவையில்லை. ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து காற்று வீசுவதால் அலையடிப்பெல்லாம் கிழக்குக் கரையோடு போய்விடும். மேற்குக் கரை பெரும்பாலும் குளம் போல அமைதியாக இருக்கும். பவளப்பாறையும் அந்தக் கரையை ஒட்டியே தொடங்குகிறது. கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினால் பாறைச் சரிவின் விளிம்புக்கு வந்துவிடலாம். சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் ஒவ்வொரு இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, காற்று டேங்கை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். டேங்குக்குத் தனித்தனியாகக் கட்டாமல், நாள் கணக்கில் ஒரே தொகை கட்டி எத்தனை டேங்க் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் திட்டத்தைப் பெரும்பாலான டைவ் கடைகள் வைத்திருக்கின்றன. பிக்கப் டிரக் வாடகையையும் அறை வாடகையையும் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்பதால், நாளுக்கு மூன்று முறை இறங்கினால் ஒரு டைவின் செலவு படகு டைவை விட வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தச் சிக்கனம் முழுவதும் உங்களிடம் ஒரு ஜோடி இருப்பதால் வருவது. கரையிலிருந்து தனியாக இறங்கக் கூடாது. ஜோடி இல்லாதவர் வழிகாட்டிக்கோ படகுக்கோ பணம் கட்டியாக வேண்டும். அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்தே சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள், அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

என்னுடைய ஒரே கவலை ஆறு டைவ் என்ற எண்ணிக்கை. அந்த ஆறும் பயிற்றுநரின் கண் பார்வையிலேயே நடந்திருக்கும். எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று அவர்தான் முடிவெடுத்திருப்பார். பொனேரில் அந்த முடிவை நீங்கள் இருவரும் எடுக்க வேண்டும். அதனால் வேறு எதில் குறைத்தாலும் முதல் நாள் வழிகாட்டிக்கு ஆகும் செலவைக் குறைக்காதீர்கள். தீவுக்கு வருபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் முதலில் கடல் பூங்காவின் (தீவைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி) விதிகளைக் கேட்டுக்கொண்டு ஒரு சோதனை டைவ் செய்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அதோடு நின்றுவிடாமல், அடுத்த டைவுக்கும் பணம் கொடுத்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த டைவில் திசையையும் நேரத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அவர் பின்னால் வரட்டும்.

கரையிலிருந்து இறங்குவது கொஞ்சம் பழக வேண்டிய விஷயம். அங்கே கரை பெரும்பாலும் மணல் கிடையாது, உடைந்த பவளத் துண்டுகள்தான். கனமான அடிப்பகுதி உள்ள பூட்ஸ் அவசியம், அதன் மேல் மாட்டும் வார் வைத்த துடுப்புகளை வாடகைக்கு எடுங்கள். வழுக்கும் இடத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் மிதந்துவிடுங்கள், துடுப்பை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். பாறை விளிம்பை அடைந்ததும் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முதல் பாதி அதற்கு எதிராகப் போனால், களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டு வந்து சேர்க்கும். இறங்கிய இடத்தை அடையாளம் வைக்க, படகு கட்டுவதற்காக அங்கே மிதக்கும் நங்கூர மிதவை உதவும். இன்னொன்று: அந்தமானில் டேங்கின் காற்றழுத்தத்தை 'பார்' என்ற அலகில் பழகியிருப்பீர்கள், பொனேரில் கையில் பிஎஸ்ஐ என்ற அலகைக் காட்டும் மானி வரலாம். 200 பார் என்பது ஏறத்தாழ 2,900 பிஎஸ்ஐ, 50 பார் என்பது 725. இருவரில் யாருடைய காற்று முதலில் பாதியைத் தொடுகிறதோ அப்போதே இருவரும் திரும்புங்கள். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று வேண்டும், ஒன்றை வைத்து இருவரும் சமாளிப்பது சரியில்லை.

எங்கே இறங்குவது? தெற்கே சால்ட் பியர் உங்களுக்காகவே அமைந்த இடம். உப்பு ஏற்றும் துறைமுக மேடையின் தூண்களைச் சுற்றிப் பவளமும் கடற்பஞ்சும் மூடிக்கிடக்கும், நடுவே மீன் கூட்டம். ஆழமும் அதிகமில்லை, கீழிருந்து பார்த்தால் தூண்களுக்கிடையே வெயில் சாய்வாக இறங்கும். கப்பல் நிற்கும் நாளில் மட்டும் இறங்க முடியாது. வடக்கே 'ஆயிரம் படிகள்' என்றொரு இடம் உண்டு. உண்மையில் நூறு படிகூடக் கிடையாது, ஆனால் நனைந்த உடையோடு டேங்கைச் சுமந்து ஏறும்போது அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றாது. அங்கே ஆமைகளைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. எல்லோரும் பேசும் ஹில்மா ஹூக்கர், கஞ்சாவோடு பிடிபட்டு 1984இல் மூழ்கிய சரக்குக் கப்பல். அது கிடக்கும் தரை சுமார் 30 மீட்டர் ஆழம், உங்கள் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். மேலே மிதந்தபடி கப்பலின் மேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம், கீழே இறங்காதீர்கள், உள்ளே நுழையவே நுழையாதீர்கள். கிழக்குக் கரைக்கு இந்தப் பயணத்தில் போக வேண்டாம்.

இனி பணம். விளம்பர விலையில் சேராத இரண்டு கட்டணங்கள் உண்டு. தீவுக்குள் நுழையும் வரி ஆளுக்கு 75 டாலர், கடலில் இறங்குவதற்கான இயற்கைக் கட்டணம் ஆண்டுக்கு 40 டாலர். இருவருக்கும் சேர்த்து 230 டாலரை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். புறப்படும் முன் அதிகாரப்பூர்வத் தளங்களில் அன்றைய தொகையையும் பார்த்துவிடுங்கள். இந்த இயற்கைக் கட்டணத்தை நான் மனமொப்பிக் கட்டுவேன். 1979இல் தொடங்கிய அந்தக் கடல் பூங்கா இன்றும் இப்படி இருப்பதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம்.

தங்க, சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீருக்குச் செலவு செய்ய வேண்டாம். அரிசியும் பருப்பு வகைகளும் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். ஒரு வேளை வெளியே, மற்ற வேளை அறையில் என்று வைத்துக்கொண்டாலே நல்ல மிச்சம். ஏப்ரல் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை அறை வாடகை குறையும். மற்ற தீவுகளில் அது புயல் காலம் என்று பயப்படுவார்கள். பொனேர் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அந்தத் தொல்லை அபூர்வம்.

டிரக்கில் எதையும் வைத்துவிட்டு இறங்காதீர்கள். பாஸ்போர்ட், போன், பணப்பை எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். அங்கே பலர் டிரக்கின் கதவைப் பூட்டாமலே விடுவார்கள், பூட்டினால் திருடர்கள் கண்ணாடியை உடைப்பார்கள் என்பதால்.

பவளம் பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் கல் பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் அங்கேயும் வந்துவிட்டது. வேறு கடலில் பயன்படுத்திய மாஸ்க், துடுப்பு எதையும் கிருமிநீக்கம் செய்யாமல் அங்கே நனைக்காதீர்கள். ஏதாவது ஓர் இடத்தை மூடியிருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கிவிடாதீர்கள். கையுறைக்கு அனுமதி இல்லை. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீனுக்கும் தடை உண்டு. முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று இருந்தால் கிரீம் பற்றிய கவலையே பாதி போய்விடும்.

விமானத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலிருந்து நேரடி விமானங்கள் எல்லா ஊரிலிருந்தும் தினமும் கிடையாது, பல வார இறுதியில்தான். ஐந்து இரவுக்கு நாள் பொருந்தாவிட்டால் மயாமி வழியாகவோ பக்கத்துத் தீவான குராசாவ் வழியாகவோ தேடுங்கள். திரும்பும் நேரத்தைக் கவனமாகப் பாருங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். காலை 7 மணிக்கு விமானம் என்றால் முந்தைய நாள் மதியம் 1 மணிக்கே கடையைக் கட்ட வேண்டும். பிற்பகல் 3 மணி விமானம் என்றால் முந்தைய நாள் மாலை வரை இறங்கலாம். டிக்கெட் ஐம்பது டாலர் கூடினாலும் பிற்பகல் விமானத்தையே எடுங்கள், அதில் ஒரு டைவ் கூடுதலாகக் கிடைக்கும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் பாஸ்போர்ட் விவகாரத்தை முடித்துவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் கரிபியன் நெதர்லாந்துக்கு விசா வேண்டுமா, உங்கள் அமெரிக்க விசாவே போதுமா என்பதை நெதர்லாந்து அரசின் தளத்தில் உங்கள் விவரத்தைக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் விசா என்றால் தம்பி ஐ-20 படிவத்தில் பல்கலைக்கழகத்தின் பயணக் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். டைவ் காப்பீடும் ஆளுக்கொன்று எடுங்கள். டைவில் வரும் அழுத்தக் கோளாறுக்கான சிகிச்சை அறை தீவிலேயே இருக்கிறது, ஆனால் காப்பீடு இல்லாமல் அதற்குள் போனால் வரும் கணக்கு இந்த மொத்தப் பயணச் செலவையும் தாண்டிவிடும்.

இப்படித் திட்டமிட்டால் நான்கு முழு நாளில் பத்து டைவ் வரை நிதானமாகச் செய்யலாம். நாளுக்கு மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஏதாவது ஒரு மாலை இருவரில் ஒருவருக்கு அலுப்பாக இருந்தால் அன்றைய மூன்றாவது டேங்கை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாள் கணக்கில் கட்டிய பணம் என்பதால் அதற்காக யோசிக்க வேண்டியதில்லை.