57 சதவீதம் போதாதா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் வேலை பார்க்கிறாள். 2024 தேர்தலில் கருக்கலைப்பு உரிமைக்கு 57 சதவீத ஓட்டு விழுந்தும் தோற்றுவிட்டது என்கிறாள். பாதிக்கு மேல் வாங்கினால் ஜெயித்த மாதிரிதானே அம்மா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான். ஃப்ளோரிடாவில் மாநில அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீத ஓட்டு வேண்டும். அந்த விதியையே 2006-இல் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அதற்குக் கிடைத்தது 58 சதவீதத்துக்கும் குறைவு! இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை ரத்து செய்ததும் இந்த விஷயம் அந்தந்த மாநிலத்தின் கைக்குப் போனது. மறு வருஷம் ஆகஸ்ட்டில் நான் ஒஹையோவில், கொலம்பஸில், மகன் வீட்டில் இருந்தேன். குடியுரிமை வாங்கி என் மருமகள் போடும் இரண்டாவது ஓட்டு அது. தபாலில் வந்த சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். திருத்தத்துக்கு இனி பாதிக்கு மேல் வாங்கினால் போதாது, 60 சதவீதம் வேண்டும். அதை ஓட்டுக்குக் கொண்டுவர 44 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கையெழுத்து வாங்கினால் போதாது, 88 கவுண்டிகளிலும் வாங்க வேண்டும். கருக்கலைப்பு என்ற வார்த்தை மருந்துக்குக்கூட இல்லை.

“நவம்பர்ல வரப்போற ஓட்டுக்கு இப்பவே அணை போடறாங்க, அத்தை” என்றாள்.

57 சதவீதம் பேர் அதை வேண்டாம் என்றார்கள். அப்புறம் நவம்பர் 7-இல் கருக்கலைப்பு உரிமைக்கும் ஏறக்குறைய அதே 57 சதவீதம் விழுந்தது. அங்கே அது ஜெயித்தது.

ஃப்ளோரிடாவில் 6 வாரத் தடை அப்படியே நிற்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அந்த 6 வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் கணக்குத் தவறாத பெண்ணுக்கே, நாள் தள்ளிப்போனது தெரியும்போது 4 வாரம் ஓடியிருக்கும். மிச்சம் 2 வாரம். அதற்குள் டாக்டரைப் பார்த்து, 24 மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் போக வேண்டும். கணக்கு முன்னே பின்னே ஆகிற பெண்ணுக்கு அந்த 2 வாரமும் இல்லை. உங்கள் மகளிடம் இந்தத் தேதிக் கணக்கைக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.